காமா கதிர் வானியலில் சிக்மா கணக்கிடுவது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

அரிசோனாவில் ஹாப்கின்ஸ் மலையில் விப்பிள் ஆய்வகத்தின் 10 மீட்டர் தொலைநோக்கி இருந்தது. வெடித்துச் சிதறிய விண்மீனின் எச்சமான நண்டு நெபுலாவிலிருந்து டெரா எலக்ட்ரான் வோல்ட் (லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலில் காமா கதிர்கள் வருவதை 1989இல் அது உறுதி செய்தது. அதன் கேமராவில் இருந்தவை வெறும் 37 பிக்சல்கள். ஆனாலும் அந்த முடிவை யாராலும் ஒதுக்க முடியவில்லை, ஏனென்றால் அதன் வலிமை 9 சிக்மா. (ஒரு முடிவு தற்செயலான ஏற்ற இறக்கத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் சிக்மா. அது கூடக் கூட, தற்செயல் என்று சொல்ல இடம் குறையும்.)

அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் நிலைமை வேறு. 3 சிக்மா, 4 சிக்மா என்று பல பொருள்களைப் பற்றி அறிவிப்புகள் வந்தன, அவற்றில் பல நிலைக்கவில்லை. சிக்னஸ் எக்ஸ்-3 என்ற இரட்டை விண்மீனிலிருந்து மிக உயர்ந்த ஆற்றலில் கதிர்கள் வருவதாக ஜெர்மனியின் கீல் குழு 1983இல் அறிவித்தது. பின்னால் யூட்டா பாலைவனத்தில் அமைந்த காசா-மியா என்ற பெரிய கருவித்தொகுப்பு பல ஆண்டுகள் தேடியும் கீல் சொன்ன அளவுக்கு எதுவும் தென்படவில்லை.

ஆக, சிக்மா என்ற எண்ணைக் கணக்கிடத் தெரிந்தால் மட்டும் போதாது, எந்த நிலையில் அதை நம்பலாம் என்றும் தெரிய வேண்டும். இந்தப் பதிவில் இரண்டையும் பார்ப்போம். வர்க்கமூலமும் மடக்கையும் போடத் தெரிந்தால் போதும். ஒரு கால்குலேட்டரோ எக்செல்லோ கையில் இருக்கட்டும்.

முதலில், எதை எண்ணுகிறோம்?

காமா கதிர் நேராகத் தரைக்கு வந்து சேர்வதில்லை. வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதித் துகள் பொழிவாக உடைகிறது. அந்தப் பொழிவு வெளியிடும் செரன்கோவ் ஒளி, சில நானோ நொடிகளே நீடிக்கும் நீல மின்னல். ஹெஸ் (நமீபியா), மேஜிக் (லா பால்மா தீவு), வெரிட்டாஸ் (அரிசோனா), நம் லடாக்கின் ஹான்லேயில் உள்ள 21 மீட்டர் மேஸ் தொலைநோக்கி எல்லாமே படம் பிடிப்பது இந்த மின்னலைத்தான்.

சிக்கல் என்னவென்றால், அண்டக் கதிர்களும் இதே மாதிரிப் பொழிவை உண்டாக்கும். விண்வெளியிலிருந்து வரும் இந்தத் துகள்கள் பெரும்பாலும் புரோட்டான்கள். அவற்றின் எண்ணிக்கையோ காமா கதிர்களைப்போலப் பல மடங்கு. ஒளிப்படத்தின் வடிவத்தை வைத்துப் பெரும்பாலானவற்றைக் கழித்துவிடலாம், ஏனென்றால் காமா பொழிவின் படம் ஒல்லியான நீள்வட்டம், புரோட்டான் பொழிவின் படம் சிதறலாக இருக்கும். (ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகம் இதை வேறு வழியில் செய்கிறது. காமா பொழிவில் மியூவான்கள் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்கள்) மிகக் குறைவு என்பதால் மியூவான்களை எண்ணிப் பிரிக்கிறது.) எப்படிப் பிரித்தாலும் கொஞ்சம் அண்டக் கதிர்கள் தப்பி வரத்தான் செய்யும். அதுதான் பின்னணி. நமக்குக் கிடைப்பது எப்போதும் காமாவும் பின்னணியும் கலந்த ஒரு மொத்த எண்ணிக்கை.

படி 1: எல்லைகளை முன்கூட்டியே வரைந்துகொள்ளுங்கள்

நாம் சந்தேகிக்கும் பொருளைச் சுற்றி ஒரு சிறு வட்டம் வரைகிறோம். புள்ளி போன்ற மூலம் என்றால் ஆரம் சுமார் 0.1 பாகை. இது ஆன் பகுதி. மூலம் எதுவும் இல்லை என்று நம்பும் இடங்களில் ஆஃப் பகுதிகளை வரைகிறோம்.

இதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வட்டத்தின் ஆரத்தைக் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, சிக்மா எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அந்த ஆரத்தை எடுத்துக்கொண்டால், அதன் பிறகு வரும் எண்ணுக்குப் புள்ளியியல் பொருள் எதுவும் மிஞ்சாது. ஆரமும் மற்ற தேர்வு வரம்புகளும் கணினி உருவகப்படுத்தலிலிருந்து வரட்டும், அல்லது நண்டு நெபுலா போன்ற நன்கு தெரிந்த மூலத்தின் தரவிலிருந்து வரட்டும். நீங்கள் தேடும் பொருளின் தரவிலிருந்து வரக்கூடாது.

படி 2: ஆஃப் பகுதிகளையும் ஆல்பாவையும் தீர்மானியுங்கள்

ஆன் பகுதிக்கும் மொத்த ஆஃப் பகுதிக்கும் உள்ள 'பார்வை விகிதம்' ஆல்பா எனப்படும். இது பரப்பளவின் விகிதம் மட்டும் இல்லை. பார்த்த நேரம், கேமராவின் உணர்திறன் இரண்டும் அதில் அடங்கும். ஆன் பகுதி பெறும் பின்னணி, ஆஃப் பகுதிகள் பெறும் பின்னணியில் எத்தனை பங்கு என்பதே ஆல்பா.

பழைய முறையில் தொலைநோக்கியை அரை மணி நேரம் மூலத்தின் மீதும், அடுத்த அரை மணி நேரம் காலியான வானத்தின் மீதும் திருப்புவார்கள். அப்போது ஆல்பா 1. பாதி நேரம் வெற்று வானத்துக்கே போய்விடும்.

இப்போது பரவலாக இருப்பது வாபிள் முறை. தொலைநோக்கியை மூலத்தின் மீது நேராகக் குறிவைக்காமல் அரை பாகை அளவுக்குத் தள்ளி வைப்பார்கள். மூலம் கேமராவின் மையத்திலிருந்து சற்று விலகி விழும். மையத்திலிருந்து அதே தொலைவில், சுற்றிவர, அதே அளவு வட்டங்களை ஆஃப் பகுதிகளாக வரையலாம். கேமராவின் உணர்திறன் மையத்தில் அதிகமாகவும் விளிம்புக்குப் போகப் போகக் குறைவாகவும் இருக்கும். எல்லா வட்டங்களும் மையத்திலிருந்து ஒரே தொலைவில் இருப்பதால் அந்த வேறுபாடு தானாகவே அடிபட்டுப் போகிறது. 4 ஆஃப் வட்டங்கள் வரைந்தால் ஆல்பா 1/4, அதாவது 0.25. வேறு திருத்தம் தேவையில்லை. தொடக்க நிலையில் இந்த முறையையே பழகுங்கள்.

மூலத்தைச் சுற்றி வளையம் வரைந்து பின்னணி எடுக்கும் முறையும் உண்டு. அதில் வளையத்தின் ஒவ்வொரு புள்ளியும் மையத்திலிருந்து வெவ்வேறு தொலைவில் இருப்பதால் உணர்திறன் திருத்தம் கட்டாயம் வேண்டும். அந்தத் திருத்தம் பிசகினால் ஆல்பா பிசகும்.

ஆஃப் வட்டத்துக்குள் வேறொரு காமா மூலமோ பிரகாசமான விண்மீனோ இருந்தால் அதை விலக்கிவிடுங்கள். நண்டு நெபுலாவுக்குச் சுமார் ஒரு பாகை தள்ளி சீட்டா டாவ்ரி என்ற பிரகாசமான விண்மீன் இருக்கிறது. அது மாதிரி ஒன்று விழுந்த இடத்தில் பிக்சல்கள் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

படி 3: எண்ணுங்கள், உபரியைப் பாருங்கள்

விளக்கத்துக்காக நான் உருவாக்கிய எண்கள் இவை. 10 மணி நேரம் பார்த்ததாக வைத்துக்கொள்வோம்.

ஆன் = 120
ஆஃப் = 360 (4 வட்டங்களின் மொத்தம்)
ஆல்பா = 0.25

எதிர்பார்க்கும் பின்னணி = 0.25 × 360 = 90
உபரி = 120 − 90 = 30

சரி, 30 நிகழ்வுகள் உபரி. இது மூலத்திலிருந்து வந்ததா, தற்செயலா?

எண்ணிக்கைகள் பாய்சான் பரவலின்படி ஏறி இறங்கும். சராசரி 90 என்றால் திட்ட விலக்கம் √90, அதாவது சுமார் 9.5. எனவே 30 ÷ 9.5, 3.16 சிக்மா என்று சட்டென்று சொல்லத் தோன்றும்.

இது தவறு. 90 என்பது உறுதியாகத் தெரிந்த எண்ணே இல்லை. அதுவும் 360 என்ற ஏறி இறங்கும் எண்ணிக்கையிலிருந்து நாம் ஊகித்தது. அந்த ஊகத்தின் நிச்சயமின்மை மேலே உள்ள கணக்கில் சேரவே இல்லை.

அதைச் சேர்த்தால் உபரியின் பிழை இப்படி வரும்:

பிழை = √(ஆன் + ஆல்பா² × ஆஃப்) = √(120 + 22.5) = 11.9

30 ÷ 11.9 = 2.51. உபரியைப் பிழையோடு எழுத (30 ± 12) இந்தச் சூத்திரம் சரியானது. ஆனால் 'மூலம் இருக்கிறதா' என்ற கேள்விக்கு இது முழுமையான விடை தராது. ஏன் என்பது அடுத்த படியில்.

படி 4: லி-மா சூத்திரம்

பெய்ஜிங்கின் உயர் ஆற்றல் இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த லி டிபெய், மா யூச்சியான் இருவரும் 1983இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காமா கதிர் ஆய்வுகளில் அப்போது வழக்கத்தில் இருந்த கணக்கு முறைகளை அதில் கறாராகச் சோதித்தார்கள். அந்தக் கட்டுரையின் 17ஆவது சமன்பாடுதான் இன்றுவரை இந்தத் துறையின் பொது அளவுகோல். துறையில் இருப்பவர்கள் 'லி-மா 17' என்றே சொல்வார்கள்.

அந்தச் சமன்பாட்டை முதலில் பார்க்கும்போது மிரட்டலாக இருக்கும். ஆனால் அதன் உள்ளே இருக்கும் யோசனை எளிது, இப்படிப் பாருங்கள்.

மூலம் எதுவுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். புள்ளியியலில் இதை இன்மைக் கருதுகோள் என்பார்கள். அப்படியென்றால் ஆன் பகுதிக்கும் ஆஃப் பகுதிகளுக்கும் எந்த வேறுபாடும் இல்லை, ஐந்தும் ஒரே மாதிரி வட்டங்கள். மொத்தம் 120 + 360 = 480 நிகழ்வுகள். ஐந்து வட்டங்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 96. ஆக, மூலம் இல்லை என்ற நிலையில் ஆன் பகுதியில் எதிர்பார்ப்பது 90 இல்லை, 96! (படி 3இன் பிழைச் சூத்திரம் 120ஐ அப்படியே எடுத்துக்கொண்டது, அதாவது மூலம் இருப்பதாகவே கருதியது. அதனால்தான் அது முழுமையான விடை இல்லை.) ஆஃப் பகுதிகளில் மொத்தம் 384.

கிடைத்ததோ 120, 360. கிடைத்ததை எதிர்பார்ப்பால் வகுத்து, அந்த விகிதத்தின் இயல் மடக்கையை எடுத்து, கிடைத்த எண்ணால் பெருக்குங்கள். (கால்குலேட்டரில் சாதாரண 'லாக்' பொத்தான் 10 அடிமான மடக்கை தரும். நமக்கு வேண்டியது 'எல்என்' பொத்தான்.)

முதல் பகுதி = 120 × மடக்கை(120 ÷ 96) = 120 × 0.22314 = 26.777

இரண்டாம் பகுதி = 360 × மடக்கை(360 ÷ 384) = 360 × (−0.06454) = −23.234

கூட்டினால் 3.543. இரண்டால் பெருக்கினால் 7.087. வர்க்கமூலம் எடுத்தால் 2.66.

விடை: 2.66 சிக்மா.

பொதுவாக எழுதினால்:

ஆன் எதிர்பார்ப்பு = (ஆன் + ஆஃப்) × ஆல்பா ÷ (1 + ஆல்பா)
ஆஃப் எதிர்பார்ப்பு = (ஆன் + ஆஃப்) ÷ (1 + ஆல்பா)
சிக்மா = √[ 2 × { ஆன் × மடக்கை(ஆன் ÷ ஆன் எதிர்பார்ப்பு) + ஆஃப் × மடக்கை(ஆஃப் ÷ ஆஃப் எதிர்பார்ப்பு) } ]

எக்செல்லில் ஆன், ஆஃப், ஆல்பா மூன்றையும் மூன்று கட்டங்களில் வைத்து இந்த மூன்று வரிகளை ஏற்றிவிட்டால் எப்போது வேண்டுமானாலும் பயன்படும். ஒரே ஒரு கவனம்: ஆன் எண்ணிக்கை பின்னணியைவிடக் குறைவாக இருந்தாலும் வர்க்கமூலம் நேர் எண்ணாகவே வரும். உபரி எதிர்மறை என்றால் சிக்மாவுக்கும் எதிர்க்குறி போட வேண்டும். புதியவர்கள் இதை எளிதில் மறந்துவிடுவார்கள்.

இரண்டு கருதுகோள்களின் நிகழ்தகவுகளை ஒப்பிட்டு, வில்க்ஸ் தேற்றத்தின் துணையோடு சிக்மாவாக மாற்றுவதே இந்தச் சூத்திரத்தின் அடிப்படை. இந்தத் தேற்றம் எண்ணிக்கைகள் போதுமான அளவில் இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். ஆன், ஆஃப் இரண்டும் 10க்கு மேல் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் உருவகப்படுத்திப் பார்ப்பதே பாதுகாப்பு.

இப்போது ஒரு சிறு பயிற்சி. ஆன் 120, பின்னணிக் கணிப்பு 90 என்பதை மாற்றாமல் ஆல்பாவை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரே ஒரு ஆஃப் வட்டம் (ஆஃப் 90, ஆல்பா 1) என்றால் 2.07 சிக்மா. நான்கு வட்டங்கள் என்றால் நாம் பார்த்த 2.66. பின்னணி துல்லியமாகத் தெரியும் என்ற கற்பனை எல்லையில் 3.01. உபரி எங்கும் 30தான். பின்னணியை எவ்வளவு நன்றாக அறிந்திருக்கிறோமோ அந்த அளவுக்கே நம் முடிவின் வலிமை. சிக்மா மூலத்தின் பிரகாசத்தை அளப்பதில்லை என்பதை இந்த மூன்று எண்களே காட்டிவிடும்.

படி 5: சிக்மாவை நிகழ்தகவாக மாற்றுங்கள்

மூலமே இல்லாதபோது பின்னணி மட்டும் தற்செயலாக இந்த அளவுக்கு ஏறிவிடும் வாய்ப்பு எவ்வளவு? இயல்நிலைப் பரவலின் ஒரு பக்க வாலை எடுத்துக்கொண்டால்:

2.66 சிக்மா: சுமார் 256இல் 1
3 சிக்மா: சுமார் 740இல் 1
4 சிக்மா: சுமார் 31,600இல் 1
5 சிக்மா: சுமார் 35 லட்சத்தில் 1

படி 3இல் தவறாகப் போட்ட 3.16 சிக்மாவுக்கு இது ஏறத்தாழ 1,270இல் 1. சரியான கணக்கில் 256இல் 1. ஒரு பிழையை மறந்ததால் நம் நம்பிக்கை ஐந்து மடங்கு ஊதிப்போயிருக்கிறது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். '256இல் 1' என்பது மூலம் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு இல்லை. மூலம் இல்லை என்று வைத்துக்கொண்டால் இப்படி ஒரு எண்ணிக்கை வரும் வாய்ப்பு. நாளிதழ்ச் செய்திகளில் இது அடிக்கடி தலைகீழாகிவிடுகிறது.

படி 6: எத்தனை இடத்தில் தேடினீர்கள்?

ஒன்றைக் கண்டுபிடிப்பு என்று ஏற்க இந்தத் துறை பொதுவாக 5 சிக்மாவைக் கேட்கிறது. ஏன் அவ்வளவு என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது.

ஒரே ஒரு பொருளை முன்பே தீர்மானித்துப் பார்த்து 4 சிக்மா வந்தால் அது கவனிக்க வேண்டிய எண். ஆனால் வானத்தில் 1,000 தனித்தனி இடங்களைச் சோதித்து, அதில் ஒன்று 4 சிக்மா காட்டினால்? ஏதாவது ஓர் இடத்தில் தற்செயலாக அப்படி வரும் வாய்ப்பைக் கணக்கிடுவோம்:

மொத்த வாய்ப்பு = 1 − (1 − தனி வாய்ப்பு)^தேடல் எண்ணிக்கை

தனி வாய்ப்பு 0.0000317. ஆயிரம் தேடலுக்குப் போட்டால் 0.031, அதாவது 3 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேல். சிக்மாவாகத் திருப்பினால் சுமார் 1.9. நான்கு, இரண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. அதே ஆயிரம் தேடலில் 5 சிக்மா கிடைத்திருந்தால் 3.4 சிக்மாவாவது மிஞ்சும்.

தேடல் என்பது வானத்தின் இடங்கள் மட்டும் இல்லை. ஆற்றல் வரம்பை மூன்று விதமாக மாற்றிப் பார்த்தால் அது மூன்று தேடல். இரவு வாரியாகப் பிரித்து எந்த இரவில் ஒளிர்ந்தது என்று பார்த்தால் ஒவ்வொரு இரவும் ஒரு தேடல். துடிப்பு விண்மீன்களுக்கு வெவ்வேறு சுழற்சிக் காலங்களைச் சோதித்தால் அத்தனையும் தேடல்தான். ஒன்றோடொன்று தொடர்புள்ள தேடல்களுக்கு மேலே உள்ள சூத்திரம் தேவைக்கு மேல் தண்டிக்கும். அப்போது உருவகப்படுத்தல் வேண்டும். ஆனால் எத்தனை முறை முயன்றோம் என்பதை எழுதி வைக்காமல் விட்டால் எந்த முறையாலும் காப்பாற்ற முடியாது. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், முடிவு தராத முயற்சிகளையும் சேர்த்து.

தினமும் சிக்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்து, 5ஐத் தொட்டதும் நிறுத்துவதும் இதே வகைதான். எத்தனை மணி நேரம் பார்க்கப் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

படி 7: பின்னணியைச் சந்தேகியுங்கள்

லி-மா சூத்திரம் ஆல்பா முற்றிலும் சரி என்று நம்புகிறது. அந்த நம்பிக்கை எங்கே உடையும் என்று பாருங்கள்: ஆன் 3,63,600, ஆஃப் 14,40,000, ஆல்பா 0.25. பின்னணிக் கணிப்பு 3,60,000, உபரி 3,600. லி-மா தருவது சுமார் 5.4 சிக்மா. கொண்டாடலாமா?

உபரி பின்னணியில் வெறும் 1 சதவீதம். ஆல்பாவில் 1 சதவீதப் பிழை இருந்தாலே அந்த 3,600 மொத்தமும் காணாமல் போகும். தரவு கூடக் கூடப் புள்ளியியல் பிழை சுருங்கும், கருவியின் பிழை சுருங்காது. இதனால்தான் செரன்கோவ் தொலைநோக்கி வரிசை ஆய்வகம் தன் உணர்திறனைக் கணக்கிடும்போது 5 சிக்மா மட்டும் போதாது என்கிறது. உபரி குறைந்தது 10 நிகழ்வுகளாக இருக்க வேண்டும், பின்னணியில் 5 சதவீதத்துக்காவது வர வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும் வைக்கிறது.

சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. வான வரைபடத்தில் மூலம் உள்ள பகுதியை விலக்கிவிட்டு, மீதி எல்லா இடங்களுக்கும் லி-மா சிக்மா கணக்கிட்டு, எந்தச் சிக்மா எத்தனை இடங்களில் வந்தது என்று ஒரு பட்டை வரைபடம் போடுங்கள். பின்னணி சரியாக இருந்தால் அது சராசரி 0, அகலம் 1 உள்ள மணி வடிவமாக வரும். அகலம் 1.2, 1.3 என்று வந்தால் உங்கள் 5 சிக்மா, 5 சிக்மா இல்லை. மூலத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்தப் படத்தைக் காட்டாத கட்டுரையை நான் தயக்கத்தோடுதான் படிப்பேன்.

உண்மைத் தரவில் பழக ஆசையா? ஹெஸ் குழு 2018இல் தன் தரவில் ஒரு சிறு பகுதியைப் பொதுவில் வெளியிட்டது. நண்டு நெபுலாவின் நான்கு பதிவுகள் அதில் உண்டு. 'காமாபை' என்ற இலவசப் பைத்தான் மென்பொருளால் அதைத் திறக்கலாம். ஆன், ஆஃப், ஆல்பா மூன்றையும் அதிலிருந்து எடுத்து உங்கள் எக்செல் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

படி 8: முடிவை எப்படி எழுதுவது?

நம் எடுத்துக்காட்டு 2.66 சிக்மா. இதைக் கண்டுபிடிப்பு என்று எழுதக்கூடாது. 'ஒன்றும் இல்லை' என்று எழுதுவதும் தவறு. ஆன், ஆஃப், ஆல்பா, மணி நேரம், தேடல் எண்ணிக்கை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஒரு மேல் வரம்பு சொல்ல வேண்டும். தோராயமாக, 95 சதவீத நம்பிக்கைக்கு 30 + 1.645 × 11.9, சுமார் 50 நிகழ்வுகள். 'மூலம் இருந்தாலும் 10 மணி நேரத்தில் 50க்கு மேல் தராது' என்பதும் பயனுள்ள அறிவியல் முடிவே. கட்டுரைக்கு என்றால் ஃபெல்ட்மன்-கசின்ஸ் அல்லது ரோல்கே முறையில் துல்லியமாகப் போடுங்கள்.

அப்புறம், எவ்வளவு கூடுதல் நேரம் கேட்பது? சிக்மா நேரத்தின் வர்க்கமூலத்தைப்போல வளரும். அதே விகிதம் தொடர்ந்தால் 40 மணி நேரத்தில் ஆன் 480, ஆஃப் 1,440, சிக்மா 5.32. எனவே இன்னும் 30 மணி நேரம் கேட்கலாம். ஆனால் முதல் 10 மணி நேரத்தின் தரவில் உபரி தெரிந்ததால்தானே இந்தப் பொருளைத் தொடர்கிறோம்? அந்த உபரி தற்செயலாகக் கொஞ்சம் ஏறியிருக்கவே வாய்ப்பு அதிகம், இறங்கியிருந்தால் நாம் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டோம். எனவே புதிய 30 மணி நேரத்தைப் பழைய எல்லைகளோடு, தனியாகவே கணக்கிடுங்கள். அதே வீதம் நீடித்தால் அதில் மட்டும் சுமார் 4.6 சிக்மா வர வேண்டும். முதல் 10 மணி நேரம் காட்டிய குறிப்பு உண்மையா என்பதை அந்த எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள்.